வுப்பர்டாலில் என் சிறுநீரகம்

அண்ணியிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்வதற்காக ஜெர்மனிக்குப் போனேன். போனில் பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. அவர் கேட்பதாக இல்லை. "நீ நேர்ல வந்து சொன்னாத்தான் கேப்பா. ஒரு தடவ வந்துட்டுப் போம்மா" என்றார் அண்ணன். பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டதும் கிளம்பினேன். விசா, டிக்கெட் கதைகளை விட்டுவிடுகிறேன். அவற்றைப் படித்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. விசில் இல்லாமலே மைதானத்தின் அந்த முனைக்குக் கேட்கும் குரல். உடம்பில் ஒரு சிறுநீரகம்தான் உண்டு. இன்னொன்று என் அண்ணன் மனைவி ரேவதியின் உடம்பில், அடிவயிற்றின் வலப்பக்கம் இருக்கிறது. அண்ணனுக்குச் சர்க்கரை நோய் என்பதால் அவரால் கொடுக்க முடியவில்லை. எனக்குப் பொருந்தியது. கொடுத்தேன்.

அப்போது சென்னையில் ஒரு குழுவின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. கூடப்பிறந்தவர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் அதிகம் கேட்பதில்லை. நாத்தனார் அண்ணிக்குக் கொடுக்கிறாள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கடைசியாக ஒரு அம்மா, "சரி, உங்களுக்கு அவங்க மேல அப்படி என்ன பாசம்?" என்றார். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது மாவட்ட ஓட்டப் பந்தயத்துக்கு என்னை அனுப்ப மாட்டேன் என்று அப்பா உறுதியாக நின்றதையும், கல்யாணமாகி வந்து மஞ்சள் கயிறு கூட மாற்றாத அண்ணி, "நான் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்று சொல்லி என்னைப் பஸ் ஏற்றியதையும் சொன்னேன். அன்றைக்கு அவர் பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இந்த வேலை இல்லை. அந்த அம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது. சில வருடங்கள் கழித்து அண்ணனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து இருவரும் வுப்பர்டாலில் குடியேறினார்கள். போன வருடம் அண்ணியின் உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. எதையோ மிதித்த கறை என்று நினைத்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். அது தோல் புற்று. வெட்டி எடுத்தார்கள். ஆனால் அதற்குள் நுரையீரலுக்குப் போய்விட்டது.

அதற்கு மருந்து இருக்கிறது. நன்றாகவே வேலை செய்யும் மருந்து. அதைப் போட்டால் என் சிறுநீரகம் போய்விடலாம் என்பதுதான் சிக்கல். "அமுதா குடுத்ததை அழிச்சு நான் உயிரோட இருக்க வேண்டாம்" என்று அண்ணி சொல்லிவிட்டார். நான் சொல்லப் போன வார்த்தை அதற்குத்தான்: போனால் போகட்டும் அண்ணி, மருந்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் அண்ணியே வந்து நின்றார். இளைத்திருந்தார். லேசாக நொண்டினார். கூட நரைத்த மீசையோடு ஒருவர். அண்ணன் வீட்டுக்குக் கீழ் வீட்டில் இருக்கும் குணம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் அகதியாக வந்து, இத்தாலிய உணவகங்களில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனுக்கு அன்று வேலை, அதனால் அவர் கார் ஓட்டி வந்திருந்தார்.

என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "ஆறுதலா வாங்கோ தங்கச்சி, ஆறுதலா" என்றார். எனக்குத் திக்கென்றது. இந்த மனிதர் எதற்கு என்னைத் தேற்றுகிறார், அண்ணிக்கு இன்னும் ஏதாவது ஆகிவிட்டதா என்று முகத்தை முகத்தைப் பார்த்தேன். அவர் ஊரில் 'ஆறுதலா' என்றால் 'மெதுவாக' என்று காரில் ஏறிய பிறகு அண்ணி சொன்னார். மூவரும் சிரித்தோம். அண்ணி சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

வழியில் குணம் அண்ணையின் இடது கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. அண்ணியின் கையிலும் அதே மாதிரி ஒரு பழைய புடைப்பு உண்டு. டயாலிசிஸுக்காகச் செய்வது. நான் பார்ப்பதைக் கண்டுகொண்டு, "ஓம் தங்கச்சி, கிழமையிலை மூண்டு நாள் போறன். லிஸ்டிலை பேர் கிடக்கு. கிட்னி வரும், வராமலும் விடும்" என்றார். பிறகு, "நீங்கள் செய்தது பெரிய விசயம். எனக்கு இப்பிடி ஒரு மச்சாள் வாய்க்கேல்லை" என்று சொல்லிச் சிரித்தார். அண்ணி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வுப்பர்டாலில் ரயில் தொங்குகிறது. தண்டவாளம் மேலே, பெட்டி கீழே. அதற்கும் கீழே ஆறு. மறுநாள் காலையில் அண்ணி என்னை அதில் ஏற்றிவிட்டார். வளைவில் பெட்டி ஊஞ்சலாகச் சாய்ந்தபோது நான் போட்ட சத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யானைக்குட்டி ஒன்றை ஒருமுறை இதில் ஏற்றினார்கள், அது பயந்து ஆற்றில் குதித்துவிட்டது, ஆனாலும் பிழைத்துக்கொண்டது என்று அண்ணி சொன்னார். எனக்கு அந்த யானையின் நியாயம் புரிந்தது.

பேக்கரியில் கல் போன்ற ரொட்டி விற்கிறார்கள். வெளியே பாறை, உள்ளே பஞ்சு. வெண்ணெய் தடவிக் கடித்தால் நம் ஊர் வர்க்கி பக்கத்தில் நிற்க முடியாது. மே மாதம் என்பதால் எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று தண்ணீர்விட்டான் கிழங்கு போல ஒரு தண்டு கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதை வாங்க வரிசை நிற்கிறது. அண்ணி அதில் சாம்பார் வைத்தார். உப்பு அரைதான். அந்த வீட்டில் எல்லாமே அரை உப்பு. என் சிறுநீரகத்துக்காக அவர் இத்தனை வருடம் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறார் என்பது அன்று உட்கார்ந்து சாப்பிட்டபோதுதான் உறைத்தது. எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லையாம். திண்டுக்கல்லில் நான் வடையும் அப்பளமுமாக வெட்டிக்கொண்டிருந்தபோது, நான் கொடுத்ததை அவர் அங்கே கைக்குழந்தை மாதிரிக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

சாலையில் ஒரு வண்டிகூட வரவில்லை. ஆனாலும் சிக்னலில் சிவப்பு மனிதன் பச்சையாக மாறும்வரை எல்லாரும் நின்றார்கள். காலை வணக்கத்துக்கு என் பிள்ளைகளை இப்படி நிறுத்த இருபது வருடமாகப் போராடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைவரை சொல்ல நினைத்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. ஆரம்பிக்கும்போதெல்லாம் அண்ணி எழுந்து அடுக்களைக்குப் போனார். அண்ணன் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

திங்கட்கிழமை ஹனோவர் போனோம். நானும் அண்ணியும் மட்டும். மாற்று உறுப்பு, புற்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மருத்துவர் அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்தார். உயரமான பெண்மணி, வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். எனக்காக மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். நான் கொடுத்தவள் என்று தெரிந்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"உடம்புக்குள் காவல் அணுக்கள் சுற்றிக்கொண்டே இருக்கும்" என்றார். "வேற்று ஆளைக் கண்டால் அடிக்கும். ஆனால் அவற்றின் மேல் ஒரு பொத்தான் உண்டு. சொந்த அணுக்கள் அந்தப் பொத்தானை அழுத்தி, 'நான் இந்த வீட்டு ஆள், விட்டுவிடு' என்று சொல்லும். காவல் அடங்கிவிடும். அழுத்துவதற்கென்றே சில மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் நம் உடம்பை நாமே தின்றுவிடுவோம்."

அவற்றின் பெயர்களைச் சொன்னார். எல்லாம் கார் நம்பர் மாதிரி இருந்தன.

"அதில் ஒன்றை முதலில் கண்டது நஞ்சுக்கொடியில். வயிற்றில் இருக்கும் குழந்தை பாதி அப்பாவுடையது. தாயின் உடம்புக்கு அது வேற்று ஆள்தான். அந்த மூலக்கூறு தாயின் காவலை அமைதிப்படுத்துகிறது. அதனால்தான் குழந்தை பிழைக்கிறது. மாற்றிவைத்த உறுப்பு நிலைப்பதற்கும் இந்த மாதிரி மூலக்கூறுகள் உதவுவதைப் பார்க்கிறோம். உங்கள் சிறுநீரகம் இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கு மாத்திரைகள் முக்கியக் காரணம். ஆனால் அதுவும் தன் பங்குக்கு அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு இருந்திருக்கும்."

"புற்று?" என்றேன்.

"புற்றும் அதே வித்தையைக் கற்றுக்கொள்கிறது. அதுவும் பொத்தானை அழுத்துகிறது. காவல் அதைக் கண்டும் காணாமல் போய்விடுகிறது."

அண்ணி தமிழில் என்னிடம், "அப்ப, புத்து கைக்குழந்தை வேஷம் போட்டுட்டு உக்காந்திருக்கு" என்றார். நான் அதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் அண்ணியைப் பார்த்து, "இதை நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

மருந்து அந்தப் பொத்தானை மூடிவிடுமாம். அதன்பின் யார் அழுத்தினாலும் வேலை செய்யாது. காவல் விழித்துக்கொண்டு புற்றை அடிக்கும். கூடவே சிறுநீரகத்தையும் அடிக்கலாம். மாத்திரைகளை மாற்றி முடிந்தவரை காப்பாற்றப் பார்ப்பார்கள். சிலருக்குச் சிறுநீரகம் தப்பிவிடுகிறது. நிறையப் பேருக்குத் தப்புவதில்லை. "தப்பும் என்று நான் சொல்ல மாட்டேன்" என்றார் மருத்துவர். "மருந்து இல்லாமல் என்ன நடக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன்."

என் விலாவில் பழைய தழும்பு இருக்கும் இடத்தில் ஏதோ இழுத்தது. போனால் போகட்டும் என்று சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். அவர் அப்படிப் பட்டென்று சொன்னபோது எனக்கு வலித்தது. அங்கேயும் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

திரும்பும்போது ஹனோவர் நிலையத்தில் அண்ணிக்குப் பசிக்கும் என்று நான் ரொட்டி வாங்கப் போனேன். வரிசை நகரவில்லை. ரயில் வந்துவிட்டது. தூரத்தில் அண்ணி கை ஆட்டிவிட்டு ஏறுவது தெரிந்தது. நான் நம் ஊர் வழக்கப்படி கண்ணில்பட்ட பெட்டியில் தாவி ஏறினேன். உள்ளே ஏறிவிட்டால் நடந்து போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்ற நினைப்பு. பெட்டி பெட்டியாக நடந்தேன். ஒரு இடத்தில் சுவர் வந்துவிட்டது. கதவும் இல்லை, வழியும் இல்லை.

போன் அடித்தது. "எங்கடி இருக்க?" என்றார் அண்ணி.

"சுவருக்கு முன்னாடி நிக்கிறேன் அண்ணி."

"ஐயோ, அது வேற பாதி. இது ரெண்டு ரயிலைச் சேத்து ஓட்டுறது. ஹம்ங்கிற ஊர்ல பிரிச்சுடுவாங்க. இந்தப் பாதி வுப்பர்டால் வரும், உன் பாதி டுசல்டோர்ஃப் போயிரும். ஹம்ல இறங்கி இங்க ஓடி வந்துரு. உனக்குத்தான் ஓட வருமே."

இன்னும் நேரம் இருந்தது. ஒரு காலி இருக்கையில் உட்கார்ந்தேன். போனை வைக்கப் போனேன், வைக்கவில்லை. அவர் முகம் முன்னால் இல்லாதபோது ஏனோ எளிதாக இருந்தது.

"அண்ணி, நான் எதுக்கு வந்தேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அது உங்களுக்குக் குடுத்தது. அதை வச்சு நீங்க என்ன செஞ்சாலும் எனக்குச் சம்மதம். போனா நான் அழுவேன். பொய் சொல்லலை, இன்னிக்கு டாக்டர் சொன்னப்பவே எனக்கு வலிச்சுது. ஆனா அதைக் காப்பாத்துறேன்னு நீங்க போயிட்டீங்கன்னா, நான் என்னத்துக்கு அதைக் குடுத்தேன்?"

பின்னால் இருந்து யாரோ தோளைத் தட்டினார்கள். ஒரு வயதான ஜெர்மன் பெண்மணி. சன்னல் மேல் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். உதட்டில் விரல் வைத்த முகம். பேசக்கூடாத பெட்டியாம் அது. என் குரலுக்கு அந்தப் பெட்டி முழுவதும் எங்கள் குடும்ப விஷயத்தைக் கேட்டிருக்கும், தமிழ் தெரியாததால் தப்பித்தேன். எழுந்துகொள்ளப் பார்த்தேன். அதற்குள் அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "பேசு, பேசு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தன் பையில் இருந்து ஒரு பொட்டலம் காகிதக் கைக்குட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

போனை மறுபடி காதில் வைத்தேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அமுதா" என்றார் பிறகு. "காரணம் நீ இல்ல."

"என்ன அண்ணி?"

"உன் பேரைச் சொன்னா யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க. உங்க அண்ணன் வாயடச்சுப் போயிருவாரு. டாக்டருங்ககூடத் தலையாட்டிட்டு விட்டுருவாங்க. அதான் சொன்னேன். எனக்கு டயாலிசிஸ்க்குப் போகப் பயமா இருக்குடி. சென்னையில அந்த அண்டர்கிரவுண்ட் ஹால் உனக்கு ஞாபகம் இருக்கா? பக்கத்து நாற்காலில தினம் பேசிட்டிருந்த அந்த டீச்சரம்மா, நான் பாக்கப் பாக்கத் தல சாஞ்சுது. மெஷின் ஓடிட்டே இருந்துச்சு. இனி அந்த நாற்காலில உக்கார மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். நீ வந்து என்னை எழுப்பிட்டுப் போன. மறுபடி அங்க போறதுக்கு இப்படியே போயிரலாம்."

"இதை அண்ணன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? கீழ் வீட்டுல குணம் அண்ணை இருக்காரு. சிரிச்சுக்கிட்டே போயிட்டு வர்றாரு. அவர் தெனம் வாழ்ற வாழ்க்கையை, எனக்கு அது வேண்டாம், அதுக்குச் சாவு மேல்னு சொன்னா அவரை என்னன்னு சொல்றது?"

கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் அந்த ஹாலைப் பற்றி, அந்த வாசனையைப் பற்றி, தண்ணீர் குடிக்க முடியாத கோடைகளைப் பற்றிச் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் என்னிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார். ரயில் ஒரு இடத்தில் நின்றது. கிளம்பியது. அண்ணி திடீரென்று நிறுத்தி, "இப்ப நின்னது எந்த ஊர்?" என்றார்.

ஹம்தான் அது. இருவருமே கவனிக்கவில்லை. அவருடைய பாதி ஒரு பக்கமும் என் பாதி ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தோம். அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். பிறகு அவர் ரயில் சுரங்கத்துக்குள் போய் நிஜமாகவே லைன் அறுந்தது.

டிக்கெட் பார்க்க வந்தவர் என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்சீட்டுப் பெண்மணி அவரிடம் ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் தலையாட்டிவிட்டு, டுசல்டோர்ஃபில் இறங்குங்கள், பரவாயில்லை என்றார். அந்தப் பெண்மணி எஸ்ஸனில் இறங்கும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. வாங்கி வைத்திருந்த ரொட்டியில் ஒன்றையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

டுசல்டோர்ஃபில் குணம் அண்ணை காத்திருந்தார். அண்ணி போன் செய்திருக்கிறார். "துலைஞ்சு போட்டீங்கள் எண்டு அண்ணி ஒரே பதட்டம்" என்றார். காரில் ஏறியதும் பிளாஸ்டிக் டப்பாவில் இடியப்பமும் சொதியும் கொடுத்தார். உருளைக்கிழங்கைத் தனியாகக் காட்டி, "இரண்டு தரம் அவிச்சுத் தண்ணி ஊத்தினது. எனக்கு அப்பிடித்தான் சாப்பிடலாம். ருசி குறைவு, குறை நினையாதேங்கோ" என்றார். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அதைப்போல ஒரு சாப்பாடு அந்தப் பயணத்தில் நான் சாப்பிடவில்லை.

அண்ணி சொன்னதை அவரிடம் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். "அண்ணை, நீங்க போற இடத்தை நான் ஒரு தடவ பாக்கலாமா? அண்ணியும் நானும்."

"அதிலை பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்றார். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "சரி, நாளைக்கு எனக்கு டெர்மின், போற முறை. கேட்டுப் பாக்கிறன். கொஞ்ச நேரம் நிக்க விடுவினம்."

அண்ணி வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். மறுநாள் காலையில் நான் செருப்பு மாட்டும்போது, கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

ஒரு மாடிக் கட்டடம். பெரிய சன்னல்கள், வெளியே மரங்கள். ஆளுக்கொரு சாய்வு நாற்காலி. ஒருவர் செய்தித்தாள் வாசித்தார். ஒரு துருக்கிப் பெண்மணி நூலில் பின்னிக்கொண்டிருந்தார். வாசனை மட்டும் அதேதான் என்று அண்ணி என் காதில் சொன்னார். தாதி குணம் அண்ணைக்கு ஊசி ஏற்றியபோது அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது குணம் அண்ணை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேவதி, இதுக்குத்தானே பயந்தனீங்கள்?"

நான் அண்ணியைப் பார்த்தேன். குணம் அண்ணையிடம் நான் எதையும் சொல்லவில்லை என்பது அண்ணிக்குத் தெரிந்திருக்கும்.

"ஓம்" என்றார் அண்ணி. அவர் பாஷையிலேயே.

"பயப்பிட வேணும்தான். நான் இண்டைக்கும் ஊசி ஏத்தேக்கை அங்காலை பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். இது நல்ல சீவியம் எண்டு நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன். போகேக்கை களைச்சுப் போவன், ஒருத்தரோடையும் கதைக்க ஏலாது. ஆனா பின்னேரம் வீட்டை போறன். மனிசி பேசுவா. பேத்தி வருவா. அரைக் கோப்பை தேத்தண்ணி குடிப்பன். எனக்கு அது காணும்."

'காணும்' என்றால் அவர் ஊரில் 'போதும்' என்று அர்த்தம்.

அண்ணி அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சென்னையில எனக்குப் பக்கத்துல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க அண்ணை" என்று ஆரம்பித்தார். நான் வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருந்து பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. தாதி என்னைக் கடந்து போகும்போது, கொஞ்ச நேரம் என்றுதானே சொன்னீர்கள் என்பதுபோல் பார்த்தார். ஆனால் அண்ணியை எழுந்து வரச் சொல்லவில்லை.

அன்று மாலை குணம் அண்ணையைக் கைத்தாங்கலாக வீட்டில் விட்டோம். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அவர் சொன்னது எதுவும் மிகையில்லை. மேலே வந்ததும் அண்ணி அண்ணனிடம், "அந்த டாக்டருக்குப் போன் பண்ணுங்க. போட்டுக்கிறேன்னு சொல்லுங்க" என்றார். அண்ணன் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முன்பே முதல் மருந்து ஏற்றினார்கள். சாதாரண டிரிப்தான். ஒரு வார இதழைப் படித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அண்ணி வலது கையை அடிவயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். நான் கேட்காமலே, "நன்றி சொல்லிட்டிருக்கேன்" என்றார். எனக்கா, அதற்கா என்று நான் கேட்கவில்லை.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகப் போயிற்று. நுரையீரலில் இருந்த புள்ளிகள் சுருங்கின, சில காணாமலே போயின. சிறுநீரகமும் தப்பிவிட்டது என்று நினைத்தோம். தீபாவளிக்கு முந்தைய வாரம் அதன் அளவுகள் ஏற ஆரம்பித்தன. அதிக மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. அண்ணி முதலில் என்னைத்தான் அழைத்தார். நான் மைதானத்தில் கோ-கோ அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அமுதா, அது நின்னுருச்சு."

பிள்ளைகளைத் தொடரச் சொல்லிவிட்டு விளையாட்டுப் பொருள் வைக்கும் அறைக்குள் போய் அழுதேன். அழுவேன் என்று முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் மறுமுனையில் அழுதார். அது இத்தனை வருடம் அங்கே உழைத்தது. எங்கள் இருவரையும் விட அதிகமாக உழைத்தது. அதற்கு அந்த அழுகை தகும்.

இப்போது அண்ணியும் குணம் அண்ணையும் ஒரே நாளில்தான் போகிறார்கள். ஒரே காரில். அண்ணி பயந்துகொண்டுதான் போகிறார், வீட்டுக்குத் திரும்பியும் வருகிறார். போன மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் எதுவும் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். சொல்லி முடித்த பிறகும் போனை வைக்காமல் இருந்தார்.

"டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டேன்டி. அது வேலை செய்யலேல்ல, வெளிய எடுத்துருவீங்களான்னு. தொந்தரவு பண்ணலேன்னா உள்ளயே விட்டுருவாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டேன்."